ஒரு போகத்தின் கணக்கு

ரத்தம் சொல்லும் வரலாறு – 11

ரத்தத்தில் வைட்டமின் எவ்வளவு என்று ஒருவர் கேட்டால், ரத்தத்தின் எந்தப் பகுதியில் என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. சுருளிப்பட்டிக்காரர் ஒருவர் கம்பத்துக்குப் போய் ஏதோவொரு லேபில் ரத்தம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உறையாமல் காக்கும் மருந்து போட்ட குப்பியில் அந்த ரத்தத்தைப் பிடித்து இயந்திரத்தில் சுழற்றினால் இரண்டாகப் பிரிந்து நிற்கும். மேலே வெளிர்மஞ்சள் நீர், அடியில் கருஞ்சிவப்பாகப் படிந்த அணுக்கள். மேலே நிற்கும் நீரில் ஃபோலேட் என்கிற வைட்டமினை அளந்தால் அவர் அண்மையில் என்ன சாப்பிட்டார் என்பது தெரியும். முந்தின நாள் வீட்டில் கீரையும் பருப்பும் என்றால் அளவு ஏறியிருக்கும். காய்ச்சலில் படுத்து வெறும் கஞ்சி குடித்துக் கிடந்திருந்தால் இறங்கியிருக்கும். அடியில் கிடக்கும் சிவப்பணுவில் அளந்தால் கதை வேறு.

சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே தன் பங்கு ஃபோலேட்டை வாங்கி உள்ளே பூட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் இறங்கிய பிறகு புதிதாக வாங்குவது அநேகமாக இல்லை. அதன் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். கம்பம் பள்ளத்தாக்கில் வயல் வைத்திருப்பவருக்கு இதை விளக்குவது சுலபம். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. நாற்று விட்டதிலிருந்து அறுப்பு வரை ஒரு போகத்துக்கு எவ்வளவு காலமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஒரு சிவப்பணுவின் வாழ்நாள். உடம்பில் எந்த நேரமும் இன்று பிறந்த அணுவும் ஓடிக்கொண்டிருக்கும், நாளை மடியப்போகிற அணுவும் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து உடைத்து அளந்தால் கிடைப்பது ஒரு போகத்தின் சராசரி. நேற்றுச் சாப்பிட்ட சாப்பாடு அதை அசைக்காது.

இந்தக் கணக்கை வாசிக்க மனிதர் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இந்த வாரத்துக் கதை. குன்னூர், சென்னை, வேலூர், ஹைதராபாத் என்று சுற்றி, நடுவில் கடலும் தாண்டுகிற கதை இது. அரிசியில் தொடங்குவதால், நெல் விளைகிற ஊரில் நின்று ஆரம்பித்ததில் தப்பில்லை.

1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையை ஒதுக்கி ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவரிடம் கொடுத்தார்கள். வேலை, பெரிபெரி நோய் விசாரணை. தீட்டிய பச்சரிசியையே உண்டு கிடந்தவர்களுக்குக் கால் மரத்தது, நெஞ்சு பலவீனமானது. புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம். அந்தச் சத்து என்ன, எவ்வளவு என்று அளக்க அன்று வேதியியல் கைகொடுக்கவில்லை. அதனால் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டார்கள். சில வாரங்களில் புறாவின் கழுத்து முறுக்கிக்கொண்டு பின்னால் வளையும். தவிட்டுச் சாற்றைக் கொடுத்ததும் கழுத்து நிமிரும். எவ்வளவு சாற்றில், எத்தனை மணி நேரத்தில் நிமிர்ந்தது என்பதுதான் அளவு. ஒரு பொருள் எது என்று தெரியாமலே அது எவ்வளவு இருக்கிறது என்று உயிரைக் கொண்டு அளந்துவிடலாம் என்ற இந்தத் துணிச்சல் இனி வரும் பகுதி முழுக்கத் துணைக்கு வரும்.

சிக்கனம் என்ற பெயரில் அரசாங்கம் 1923இல் அந்த விசாரணையை மூடியது. பிறகு 1925இல் மறுபடி திறந்தது. ஊட்டச்சத்து ஆராய்ச்சியைச் சிக்கனத்தின் முதல் பலியாக்கும் வழக்கம் அன்றே இருந்தது என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அந்தக் குன்னூருக்கு 1929இல் லூசி வில்ஸ் வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்து, பிறகு லண்டனில் மருத்துவம் முடித்தவர். முந்தைய வருஷமே பம்பாய்க்கு வந்து, ஹாஃப்கின் நிலையத்தில் பிரசவ மரணங்கள் பற்றிய விசாரணையில் சேர்ந்திருந்தார். பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த ரத்தசோகை விசித்திரமானது. இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணு சிறுத்துப் போகும். இவர்களுக்கோ எண்ணிக்கை குறைந்து, இருந்த அணுக்கள் ஊதிப் பெருத்திருந்தன. பால், பழம், காய்கறி எதுவும் எட்டாத வீடுகளில்தான் இது அதிகம் என்று வில்ஸ் கண்டார்.

காரணம் தேடி எலிகளில் சோதனை செய்தார். எலிக்கும் ரத்தசோகை வந்தது. ஆனால் எலியின் மேல் ஊர்ந்த பேன் பரப்பிய கிருமியால் வந்தது அது என்று பிறகு தெரிந்து, அவ்வளவு உழைப்பும் பயனற்றுப் போனது. அதன்பின் குரங்குகள். அவற்றில் ஒன்று நோய் முற்றிக் கிடந்தபோது ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தார்கள், அது தேறியது. அப்புறம் பெண்களுக்குக் கொடுத்தார். 1931 தொடக்கத்தில் அவர் சென்னைத் திருவல்லிக்கேணியில், இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று அழைக்கப்படும் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். அந்த வருஷம் ஜூனில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. மலிவான ஈஸ்ட் சாறு, சாகக் கிடந்த கர்ப்பிணிகளை எழுப்பி உட்கார வைக்கிறது என்பதுதான் சாரம்.

அவர் எதை வைத்து அதை நிரூபித்தார் என்பதில்தான் நமக்கு அக்கறை. ஈஸ்ட்டில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அதனால் நுண்ணோக்கியில் இளம் சிவப்பணுக்களை எண்ணினார். மருந்து ஏறியதும் மஜ்ஜை விழித்துக்கொண்டு புது அணுக்களைத் தள்ளும். சில நாட்களில் எண்ணிக்கை குபுகுபுவென ஏறும். ஏறினால் மருந்து வேலை செய்கிறது. அப்போது பிரபலமாயிருந்த சுத்திகரித்த ஈரல் சாறு அந்தப் பெண்களிடம் பலிக்கவில்லை, சுத்திகரிக்காத ஈரல் சாறு பலித்தது. ஆகவே தூய்மைப்படுத்தும்போது வேறெதுவோ கழிந்து போகிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. அந்த ‘வேறெதுவோ’ வில்ஸ் காரணி என்று பெயர் பெற்று, பத்து வருஷம் பெயரளவிலேயே திரிந்தது.

1941இல் டெக்சாஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் மூவரும் நான்கு டன் பசலைவகைக் கீரையை அரைத்து வடித்து, அதிலிருந்து ஒரு சிட்டிகைப் பொருளைப் பிரித்து ஃபோலிக் அமிலம் என்றார்கள். எப்படித் தேடிப்பிடித்தார்கள்? பால் புளிக்க வைக்கும் கிருமி இனங்களைக் கொண்டுதான். அந்தப் பொருள் கிடைக்காவிட்டால் அவை வளராது. வடித்த ஒவ்வொரு சாற்றையும் கிருமிக்குக் கொடுத்து, எதில் வளர்கிறது என்று பார்த்தபடியே நான்கு டன்னிலிருந்து சிட்டிகை வரை வந்தார்கள். குன்னூர்ப் புறா செய்த வேலையை இங்கே கண்ணுக்குத் தெரியாத கிருமி செய்தது. தீனிச்செலவும் மிச்சம்.

அதே நேரம் நியூயார்க் அருகே லெடர்லே நிறுவனத்தில் எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையில் ஒரு குழு ஈரலிலிருந்து இதே பொருளைத் துரத்திக்கொண்டிருந்தது. பீமவரத்தில் பிறந்து சென்னையில் படித்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்து போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு பட்டத்துக்குப் பதில் கீழ்ப்படியான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். ஸ்ப்ரூ என்ற தீராப் பேதியில் சகோதரர்களைப் பறிகொடுத்தார். அதே நோய் தன்னைப் பிடித்தபோது ஆயுர்வேத மருத்துவத்தில் பிழைத்தார். ஹார்வர்டுக்குப் போய் 1925இல் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை நிறம் பார்த்து அளக்கும் முறையை ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து கண்டார். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் படித்த தமிழ் மாணவர் தலைமுறைகள் அதை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அளவுகோல் செய்யத் தெரிந்த மனிதரின் குழுதான் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டியது. மாத்திரையாக வந்த அந்தப் பொருள் ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகையைத் தீர்த்தது. இதற்கு அவர் பெயரில் நம் ஊர்களில் ஒரு தெருவாவது இருக்கலாம்.

இதுவரை நடந்ததெல்லாம் பொருளைக் கண்டுபிடித்த கதை. மனித ரத்தத்தில் அதை அளக்கும் கதை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. லாக்டோபாசில்லஸ் கேசி என்ற கிருமி இதற்குத் தோதாக அமைந்தது. மற்றக் கிருமிகள் ஏறிட்டும் பார்க்காத ஃபோலேட் வகைகளையும் அது உண்ணும், ரத்தத்தில் பெரும்பகுதியாக இருப்பது அந்த வகைதான். 1961இல் பாஸ்டனில் விக்டர் ஹெர்பர்ட் என்ற மருத்துவர் தன்னையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். எல்லா உணவையும் மூன்று தரம் தண்ணீரில் கொதிக்க வைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, சக்கையைத் தின்றார். ஃபோலேட் வெந்நீரில் கரைந்து ஓடுகிற சத்து. கீரையைக் குழையக் குழைய வேகவைத்து நீரை வடித்து ஊற்றும் வீடுகள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

மூன்று வாரத்தில் அவருடைய சீரத்தில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், ஃபோலேட் சரிந்தது. ஆனால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவப்பணுவில் அளவு தாழ்ந்தது பதினேழாவது வாரத்தில். அதற்கடுத்து இரண்டொரு வாரத்தில் மஜ்ஜை தடுமாறி, பம்பாய்ப் பெண்களுக்கு வந்த அதே பெருத்த அணு ரத்தசோகை தலைகாட்டியது. சீரம் சரிந்தால் அது ஒரு முன்னெச்சரிக்கை, அவ்வளவே. சிவப்பணு சரிந்தால் உடம்பின் இருப்பே தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே மனிதர் சக்கையைத் தின்றே இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டார்.

லண்டனில் 1966இல் ஹாஃப்பிராண்ட், நியூகோம்ப், மோலின் மூவரும் சிவப்பணு ஃபோலேட்டை அளக்கும் முறையை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். முறை கேட்க எளிது. கொஞ்சம் ரத்தத்தைப் பல மடங்கு அஸ்கார்பிக் அமிலக் கரைசலில் விடுவார்கள். அணுக்கள் தண்ணீரை உறிஞ்சி உடைந்து ஃபோலேட்டை வெளியே விடும். காற்று பட்டால் கெட்டுப்போகிற பண்டம் அது. அஸ்கார்பிக் அமிலம் என்பது வைட்டமின் சிதான், ஒரு வைட்டமினைக் காக்க இன்னொன்று காவல். அணுவுக்குள் ஃபோலேட் நீண்ட சங்கிலியாகப் பின்னிக் கிடக்கும், அப்படியே கொடுத்தால் கிருமியால் உண்ண முடியாது. நல்லவேளையாக அந்தச் சங்கிலியை வெட்டும் நொதி ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே இருக்கிறது. கரைசலைச் சற்று நேரம் வைத்திருந்தால் வெட்டு வேலை தானாக நடந்துவிடும். பிறகு ஃபோலேட் தவிர மற்ற எல்லாச் சத்தும் கலந்த ஊட்டநீரில் இதைச் சிறிது விட்டு, கிருமியைத் தூவி, 37 டிகிரி சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். காலையில் குழாய் எவ்வளவு கலங்கியிருக்கிறதோ அவ்வளவு கிருமி, கிருமி எவ்வளவோ அவ்வளவு ஃபோலேட். கலங்கலை ஒளி பாய்ச்சி அளந்து, அளவு தெரிந்த குழாய்களோடு ஒப்பிட்டு, ரத்தத்தில் அணுக்களின் பங்கு எவ்வளவு என்று வகுத்தால் விடை.

செய்வது எளிதல்ல. கண்ணாடிக் குழாயில் ஒட்டிய துணுக்கு அழுக்கில் ஃபோலேட் இருந்தால் போதும், அன்றைய வேலை பாழ். நோயாளி ஆன்டிபயாட்டிக் விழுங்கியிருந்தால் அது குழாயிலுள்ள கிருமியையும் அமுக்கிவிடும். ரத்தத்தில் ஃபோலேட்டே இல்லை என்று தாள் சொல்லும், மனிதரோ நன்றாகத்தான் இருப்பார். குளோராம்பெனிகால் மருந்துக்கு அசையாத கேசி இனம் ஒன்றை வளர்த்தெடுத்த பிறகு ஒரு தொல்லை குறைந்தது. ஊட்டநீரில் அந்த மருந்தையே கலந்துவிட்டால் வேண்டாத கிருமிகள் மடியும், வேண்டியது மட்டும் வளரும்.

நம் பக்கத்தில் இந்த வகை அளவீடுகளுக்கு வீடாக இருந்தது வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வெல்கம் ஆராய்ச்சிப் பிரிவை செல்வின் பேக்கர் நடத்தினார், வி. ஐ. மாத்தன் உடன் இருந்தார். 1960களில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலப் பரவியது. குடலின் உட்சுவர் தேய்ந்து ஃபோலேட்டும் பி12உம் உள்ளே ஏறாமல் போகிற நோய். சுப்பாராவின் குடும்பத்தைத் தின்ற அதே நோய், நாற்பது வருஷம் கழித்து. இந்த முறை அதன் எதிரே ஆய்வுக்கூடம் நின்றது. கர்ப்பிணிகளின் ரத்தசோகை குறித்து உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய கூட்டு ஆய்விலும் தில்லியோடு வேலூர் இடம்பெற்றது. இன்றைக்கு கிராம சுகாதார செவிலியர் கொடுக்கிற சத்து மாத்திரையில் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ந்திருக்கிறதே, அதன் பின்னே இப்படிப்பட்ட ஆய்வுகளின் நீண்ட வரிசை நிற்கிறது.

இதற்கிடையே குன்னூர் ஆய்வுக்கூடம் 1950களின் கடைசியில் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. குன்னூரில் 1930களில் அய்க்ராய்டும் கிருஷ்ணனும் குழந்தைகளின் வாயோரப் புண்ணைப் பார்த்து, பி2 குறைவு என்று எழுதினார்கள். புண்ணைப் பார்த்துச் சொல்வது வேறு, அளந்து சொல்வது வேறு. 1969இல் ஹைதராபாத்தில் மஹ்தாப் பாம்ஜி அதைச் சிவப்பணுவிலேயே அளந்து காட்டினார். அவர் வைட்டமினைத் தொடவே இல்லை. சிவப்பணுவில் குளூட்டாதயோன் ரிடக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. பி2இலிருந்து உருவாகும் துணைப்பொருள் ஒட்டினால்தான் அது வேலை செய்யும். முதலில் நொதியின் வேகத்தைப் பார்ப்பது, பிறகு அந்தத் துணைப்பொருளைக் கையால் கொடுத்து மறுபடி வேகத்தைப் பார்ப்பது. வேகம் கூடவில்லை என்றால் ஏற்கெனவே நிறைவு. வெகுவாகக் கூடினால் அந்த நொதி பசியோடு இருந்திருக்கிறது. இதே தந்திரத்தில், டிரான்ஸ்கீட்டலேஸ் என்ற இன்னொரு நொதியைக் கொண்டு பி1ஐயும் அளக்கிறார்கள், அதாவது புறாவின் கழுத்தை வளைத்த அந்தச் சத்தை. எவ்வளவு இருக்கிறது என்பதை விட, உடம்புக்குப் போதுமா என்பதுதானே நமக்கு வேண்டிய கேள்வி. அந்த வகையில் இம்முறைகள் ஃபோலேட் அளவீட்டை விடக் கூர்மையானவை என்பது என் எண்ணம்.

கிருமி வளர்க்கும் தொல்லை பிடிக்காமல் 1970களில் ஆய்வுக்கூடங்கள் கதிரியக்கப் பொருள் கொண்டு அளக்கும் கிட்டுகளுக்கு மாறின. பிறகு ஒளிரும் வேதிப்பொருள் கொண்டு அளக்கும் தானியங்கி இயந்திரங்கள் வந்தன. வேகம் அதிகம், அழுக்குப் பயம் இல்லை. ஆனால் இந்த முறைகள் ஃபோலேட்டின் எல்லா வகைகளையும் சமமாகப் பிடிப்பதில்லை. ஒரு கம்பெனிக் கிட்டில் வந்த எண் இன்னொன்றில் வராது. அமெரிக்காவின் தேசிய உடல்நல ஆய்வு பல வருஷம் கிட்டை நம்பி ஓட்டிவிட்டு, 2007இல் திரும்பவும் கேசி கிருமியிடமே போனது. புதுசு எல்லாம் மேல் என்று நினைப்பவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் இது.

எண்களுக்கு வருவோம். 2016–18இல் மத்திய அரசும் யுனிசெஃபும் நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் பிள்ளைகளின் சிவப்பணு ஃபோலேட் அளக்கப்பட்டது. ஒன்றிலிருந்து நான்கு வயது வரை 23 சதவீதம் பேருக்குக் குறைவு. பத்து வயதிலிருந்து பத்தொன்பது வரை 37 சதவீதம். வளர வளர நிலைமை மோசமாகிறது. தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திரத்தின் குப்பம் வட்டாரத்தில் பிள்ளைப்பேறு வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில் ஐந்தில் ஏறத்தாழ நால்வருக்கு, குழந்தையின் முதுகுத்தண்டைக் காக்கத் தேவையான அளவு சிவப்பணுவில் இல்லை.

அந்தத் தேவையான அளவை 2015இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது: சிவப்பணுவில் மில்லிலிட்டருக்கு 400 நானோகிராம். சோகைக்கு அளவு இவ்வளவு வேண்டியதில்லை, இது கருவுக்கான அளவு. கருவின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழல் 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று அம்மாவுக்குச் சந்தேகம் வரும் நேரம் அது. அதன்பின் சோதனை செய்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கர்ப்பிணிகளுக்கான பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கி, மாத்திரை கைக்கு வரும்போது குழல் மூடியோ மூடாமலோ முடிந்துவிட்டது. சிவப்பணு நிறையவோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். ஆகவேதான் கருத்தரிக்க எண்ணும்போதிருந்தே நாளுக்கு 400 மைக்ரோகிராம் என்று சொல்கிறார்கள். கல்யாணமான கையோடு இந்த மாத்திரையைக் கேட்டு வாங்குகிற பெண் நம் ஊர்ப்பக்கம் எத்தனை பேர்? கேட்டால் மாமியார்க்காரி வேறு மாதிரிப் பார்ப்பாரோ என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு சிக்கல் பாக்கி. சிவப்பணுவில் ஃபோலேட் குறைவு என்று தாள் வந்தவுடன் ஃபோலேட்தான் குறை என்று முடிவு கட்டிவிட முடியாது. அணு உருவாகும்போது ஃபோலேட்டை உள்ளே பிடித்து நிறுத்தப் பி12 வேண்டும். பி12 இல்லாவிட்டால் சீரத்தில் ஃபோலேட் தாராளமாக மிதக்கும், அணுவுக்குள் மட்டும் தங்காது. அந்த நிலையில் வெறும் ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்தால் சோகை தெளியும், நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும். குப்பம் ஆய்வில் பி12 குறைந்தவர்கள் கிட்டத்தட்டப் பாதிப்பேர். லூசி வில்ஸின் பெண்களிடம் சுத்திகரித்த ஈரல் சாறு தோற்றுப்போனதும் இந்த இரட்டை விவகாரத்தால்தான். அந்தச் சாற்றில் பி12 இருந்தது, அவர்களுக்கு வேண்டியது மற்றது. பி12ஐ அளக்கக் கேசி கிருமி உதவாது. அதற்கு வேறு கிருமிகளும், குளத்துப் பாசியைப் போன்ற ஓர் உயிரும் வேலைக்கு அமர்த்தப்பட்டன. அடுத்த வாரம் அவை.

(தொடரும்)